கிரீடப் பாட்டு

8 அக்டோபர் 1973, திங்கள்

காலையிலிருந்து தூறல். துறைமுகத்தில் மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். இறங்கும் மூட்டையை எண்ணி எழுதும் டாலி கிளார்க்குக்கு என்ன வேலை, நனைந்த நோட்டைக் காயவைப்பதுதான். பேனா கசிகிறது.

மாலை சர்ச் ஹாலில் பயிற்சி. நாங்கள் மூவரும் போடப்போகும் ரெக்கார்டின் கதை ஒருவழியாக உருவாகிவிட்டது. கிரீடம், நங்கூரம், சீட்டுச் சின்னங்கள் வரைந்த போர்டில் காசு வைத்து, கட்டைகளை டப்பாவில் குலுக்கிக் கவிழ்க்கிற லங்கர் கட்டைச் சூதில் விழுந்த ஒருத்தன். கட்டையின் ஆறு முகத்துக்கு ஆறு பாட்டு, இடைவெளியே இல்லாமல். கப்பலில் வேலை செய்யும் சித்தப்பா கொண்டுவந்த ராக் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜோசப்புக்குப் பிடித்த பைத்தியம் இது. கிதார் அவன். டிரம்ஸ் தட்சிணா. ஆர்கன், பாட்டு, வார்த்தை எல்லாம் நான். மூவரில் போர்டு முன்னால் குந்தியவன் நான் ஒருவன்தானே. நிறுத்திப் பதினோரு மாதம்.

டைமன், ஸ்பேடு, நங்கூரம் எல்லாம் ஆயிற்று. ஜெயிக்கிற பாட்டு, அதாவது கிரீடம், சப்பென்று கிடக்கிறது.

10, புதன்

வெயில். வாங்க வேண்டியது: பேனா, ஆர்கனுக்கு வயர், தலைவலி மாத்திரை.

இன்று ஒரு கூத்து. "தகரத்த தட்னா நெசம் வராது மாமு" என்று தட்சிணா நிஜக் கட்டைகளையே டப்பாவில் போட்டுக் குலுக்கினான். நானும் போர்டுக்காரன் குரலில் கூவினேன். ஐந்து நிமிடத்தில் வாசலில் இரண்டு மூட்டை தூக்குகிறவர்கள், செருப்பைக் கையில் பிடித்தபடி.

"போர்டு எங்க கீது?"

ஃபாதர் ஊரில் இல்லை, தப்பித்தோம். ஜோசப் அவர்களை உட்காரவைத்தான், முழுசையும் வாசித்துக் காட்டினோம். தோற்கிற பாட்டுக்கு மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீடத்துக்கு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா நைனா, ஜெயிச்சவன் இப்டியா அழுவான்? இத்த கேட்டா எவன் போர்டுக்கு வருவான்?"

சுருக்கென்றது. தெரிந்தேதான் சப்பையாக வைத்திருக்கிறேன். நன்றாக வந்துவிட்டால் முதலில் மயங்குகிறவன் நானாகத்தான் இருப்பேன். கோழை.

11, வியாழன்

கிரீடத்தைச் சப்பையாக வைத்த காரணத்தை ஃபிலோவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணமான நாலு வருஷத்தில் சூதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. சண்டை போட்டிருக்கிறோம், அது வேறு. நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"தோத்துட்டு வந்தா தூணு மாரி நிப்ப. ஜெயிச்ச அன்னிக்குத் தெருமுனைலயே உன் விசில் கேக்கும். எனக்கு வயிறு எரியும். ஆனா அந்த விசிலு நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்கு நினைவே இல்லை. மெல்ல முனகிக் காட்டினாள். அப்படியே ஆர்மோனியத்தில் பிடித்தேன். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அழகாக உட்கார்ந்துவிட்டது.

"இத்த வாசிச்சா திரும்பப் பூடுவேனோன்னு கீது ஃபிலோ."

"எனக்கும்தான் பயமா கீது. அதுக்கோசரம் பொய்யா பாடுவியா?"

இவளை எனக்குக் கட்டிவைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

13, சனி

மழை இல்லை. ஹாலில் கிரீடம் ஆறு தடவை. ஜோசப் எழுந்தே ஆடிவிட்டான். எனக்கு விரல் நுனியெல்லாம் பழைய அரிப்பு. முடிந்ததும் கால் நேராகத் திருவொற்றியூர் பஸ்ஸுக்குப் போயிற்று. நாளை பூசை முடிந்து கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு. இன்று போய் போர்டு முன்னால் நிற்கிறேன். வெட்கங்கெட்டவன்.

கடற்கரையில் அதே இடம், அதே போர்டுக்காரன்.

"வாத்யாரே, ஆளையே காணோம்? குந்து."

குந்தவில்லை. டப்பா குலுங்கியது. தட்சிணாவைவிட மெதுவாகக் குலுக்குகிறான். கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி சும்மா விடுகிறான். ஆளைக் கொல்வது அந்த நொடிதான். எங்கள் பாட்டில் அது இல்லவே இல்லை. அந்த நொடியின் நீளத்தைத் தொடையில் விரலால் எண்ணி எண்ணிப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம். பிறகு ஓட்டமாக பஸ்.

ஃபிலோவிடம் மறைக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு கேட்டாள்.

"கடேசியா இன்னா வுழுந்துச்சு?"

முன்பெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விழுந்த முகங்களை வரிசையாக ஒப்பிப்பேன், அது அவளுக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

நாளைக்கு ஒலிப்பதிவுக்கு அவளும் வருகிறாளாம்.