பதினோரு நிமிட நடை

தெர்மொலி, இத்தாலி, அக்டோபர் 20

அன்பு மகள் நிவெஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். மெல்போர்னில் இப்போது வெயில் தொடங்கியிருக்கும், இங்கே கடற்காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது. எதிர்ச் சாப்பாட்டுக் கடை ஃபிலோமேனா சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறாள், பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, சொன்னால் சண்டைக்கு வருகிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், உங்க பொண்ணுக்கு நம்ம ஊரு வழியே மறந்துபோச்சா என்று கேட்கிறாள்.

இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. மத்தியானம் மூன்று மணி, ஃபிலோமேனா ஷட்டரை இறக்கி அரைமணி ஆகிவிட்டது, முதுகில் மூட்டையோடு ஒரு பெண்மணி அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஃபிலோமேனா மாடியிலிருந்து, ஏழரைக்கு வாம்மா, இப்ப அடுப்பும் தூங்குது நானும் தூங்குறேன் என்று கத்தினாள். அந்தம்மா பாவம், என்னை அண்ணாந்து பார்த்து அரைகுறைப் பேச்சில், இந்த நாட்டுல மூணு மணிக்குப் பசிச்சா என்னதான் பண்றது என்று கேட்டாள். பசிக்கவே கூடாது என்று பால்கனியிலிருந்து சிரித்தேன். அவள் படியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பாதியைப் பையில் வைத்தாள் பார், எனக்கு வெட்கமாகிவிட்டது, மேலே வரச்சொன்னேன். சோல்வெய் என்று பெயர், நார்வேக்காரி, டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், நம் நாட்டைத் தனியாகச் சுற்றிப்பார்க்க வந்திருக்கிறாள்.

சிப்பி போட்டு ஸ்பகெட்டி செய்தேன். அதன்மேல் சீஸைத் துருவிப் போடப் போனாள், கடவுளே, சிப்பிக்கு யாராவது சீஸ் போடுவார்களா, கட்டியைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். குடிக்க என்ன வேண்டும் என்றால் பால் காபி கேட்கிறாள். பால் காபி நேரமெல்லாம் காலையிலயே முடிஞ்சுபோச்சும்மா, மீனோட சேர்த்துக் குடிச்சா வயிறு உன்ன மன்னிக்காது என்றேன். அவள் ஊரில் தட்டைக் காலி செய்தால் போதும் என்று அர்த்தமாம், இங்கே இன்னும் கொண்டுவா என்று அர்த்தம், அவள் மரியாதைக்குக் காலி செய்யச் செய்ய நான் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பொரித்த மீனைக் கொண்டுவந்து வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அய்யோ, சாப்பாடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா என்றாள். எத்தனை நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தேன் தெரியுமா. அப்புறம் அவள் பானையைப் பார்த்து, நாம ரெண்டு பேருதானே, மூணு பேருக்குப் போட்டிருக்கீங்களே, யாராச்சும் வரணுமா என்று கேட்டாள். என் கை மூன்று பிடி அள்ளியிருக்கிறது நிவெஸ். உன் அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதற்கு வேறு கணக்குத் தெரியாது.

ஸ்டேஷன் பக்கம்தான் அறை எடுத்திருந்தாள், அடுத்த ஞாயிறும் வரச்சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது போன் பண்ண வேண்டும், அதற்குமுன் பாஸ்தாவைத் தண்ணீரில் போடமாட்டோம் என்று சொல்லியிருந்தேன். சரியாக ஒன்றுக்கு மணி அடித்தது. பாஸ்தாவப் போடுங்க என்றாள். நீ ஸ்டேஷனிலிருந்து சொல்வாயே, அதே வார்த்தை. உடனே அம்மா, ஒட்டாவியோ, புள்ள வந்துட்டா என்று என்னைப் பார்த்துக் கூவுவாள். உனக்குப் பதினோரு நிமிட நடை, பாஸ்தாவுக்கு ஒன்பது நிமிடம், நான் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுவேன். இவள் கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருபது நிமிடத்தில் வந்தாள், எல்லாம் குழைந்துபோயிற்று, நன்றாகத் திட்டினேன். வியாழக்கிழமை தெற்கே பாரி நகரத்துக்கு ரயிலேறிவிட்டாள்.

இன்று ஞாயிறு. பழக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் நின்றேன். ஸ்டேஷனிலிருந்து யார் கூப்பிடப்போகிறார்கள்? தண்ணீர் வற்றிப் பானை அடி கருகிவிட்டது. நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிறுதோறும் நீ போனில் கேட்கும்போது ஃபிலோமேனா கடையில் நாலு பேரோடு சாப்பிட்டேன் என்பேனே, அத்தனையும் பொய். இந்த இரண்டு வருஷமாக அடுப்படியில் நின்றேதான் சாப்பிடுகிறேன், சோல்வெய் வந்த அந்த இரண்டு நாள்தான் மேசையில் உட்கார்ந்தேன். போன வாரம் நீ, அதான் ஜாலியா இருக்கீங்களே, கிறிஸ்துமஸுக்கு நான் எதுக்குப்பா என்றாய். என் பொய்யே எனக்கு வினையாயிற்று. அம்மாவை அடக்கம் செய்த அன்று, நான் இங்கேயே இருந்துடறேன்பா என்றாய், தண்ணி கொதிக்க வைக்க எனக்கு ஆள் வேண்டாம் போ என்று விரட்டினேன். அது வீம்பு மகளே. எனக்கு ஆள் வேண்டும். தனியாக இருக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. லீவு கிடைக்காவிட்டால் எப்போது கிடைக்கிறதோ அப்போது வா, தடிமனான கோட்டை மறக்காதே. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், அம்மா மேலிருந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். புதுப் பானை நாளைக்கே வாங்கிவிடுவேன். ஸ்டேஷனில் இறங்கியதும் போன் பண்ணு, இரண்டு நிமிடம் கழித்துத்தான் போடுவேன், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே வீட்டுக்கு வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா ஒட்டாவியோ