பன்னிரண்டு தூண்களும் ஒரே உயரம்

ஜூலை 14, செவ்வாய்

துருக்கியில் இடிந்து கிடக்கும் பைசாந்தியக் காலத்துத் தேவாலயம் ஒன்றை வரையும் வேலை, பர்மாவில் போட்டாதாங் பகுதியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, கரண்ட் இருந்த நேரமெல்லாம் பன்னிரண்டு தூண்களையும் தனித்தனியாக வரைந்தேன். எல்லாம் பழைய கோயில்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை; ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. குட்டையானவற்றுக்கு அடியில் கல் வைத்து ஏற்றியிருக்கிறான் கட்டியவன்.

இன்று மேலாளர் கோ தாமஸ் (இங்கே மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன் 'கோ', பெண் பெயருக்கு முன் 'மா') என்னைக் கேட்காமல் ஒரே தூணைப் பன்னிரண்டு இடத்திலும் காப்பி செய்து, படத்தை அனுப்பியும் விட்டார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"கோணல்மாணலா இருந்துச்சு, மா ஸ்டெல்லா. நம்ம வேலை சுத்தமில்லன்னு நினைப்பாங்க."

"அடியில வெச்ச கல்லு?"

"குப்பைன்னு அழிச்சிட்டேன்."

அத்தனை நூற்றாண்டு பாரம் தாங்கிய கல், இவருக்குக் குப்பை! அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விழுந்த தூண்களை மறுபடி நிறுத்தப் போகிறார்கள்.

படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்று என் பெயர் இருக்கிறது. அதை மட்டும் அவர் திருத்தவில்லை.