மேற்கு வேலியில் அடித்த ஊதா

மிசௌரி, நவம்பர் 19

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம், என் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

போன மாதம் யாரோ ஒருவன் நம் நிலத்தில் புகுந்து, மான் என்று நினைத்துக் கிடாரியைச் சுட்டுவிட்டு ஓடியதைச் சொன்னேன் அல்லவா, நீ உடனே போனில், "வேலிக் கம்பம் பூரா ஊதா பெயின்ட் அடிம்மா, அனுமதி இல்லாம ஒருத்தன் கால் வைக்கக் கூடாது" என்று கத்தினாய். அடித்தேன். தலைமுடியில் ஒட்டிய ஊதா இன்னும் போகவில்லை, சர்ச்சில் போதகரே சிரிக்கிறார். ஊதாவைப் பார்த்தால் உள்ளே வராதே என்று அர்த்தம், இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கதவைத் தட்டி வேட்டைக்கு அனுமதி கேட்டவர்களுக்குப் பெயர், வண்டி எண், எத்தனை நாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சரி, உன் அம்மா செய்த மடத்தனம் மேற்கு வேலியிலும் அடித்ததுதான். அந்தப் பக்கம் ஆர்வில். நாற்பது வருடமாக வேலி தாண்டி வந்து நம் ஓடைக்கரையில் வேட்டையாடுகிறவர், அப்பா இறந்த குளிர்காலம் முழுக்க நம் மாடுகளுக்கு வைக்கோல் போட்டவர். அந்த ஊதா தனக்கு இல்லை என்று அவருக்கே தெரியும் என நினைத்து ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கியது. காலையில் பார்த்தால் ஆர்வில் வேட்டைக்கான ஆரஞ்சு மேலங்கியோடு வேலியோரம் நிற்கிறார். தன் நிலத்தில் சுட்ட கொம்பன் மான் வேலியைத் தாண்டி நம் பக்கம் இருபதடியில் விழுந்து கிடக்கிறது, இரண்டு மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாராம். வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். "கம்பமே சொல்லிடுச்சே லவோன், நான் வேற வந்து கேக்கணுமா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், இருவருமாக மானை இழுத்து அவர் வண்டியில் ஏற்றினோம்.

பிறகு காபி குடிக்க வந்தவர் தனக்கும் சீட்டு வேண்டும் என்று பிடிவாதம். "எங்கிட்டயே சீட்டு இல்லேன்னா நாளைக்கு சீட்டு இல்லாம உன் நெலத்துல நுழையறவன எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெரட்டுவேன்" என்றார். எத்தனை நாள் என்ற இடத்தில், ஆர்வில் உயிரோடு இருக்கும்வரை என்று எழுதினேன். படித்துவிட்டுப் பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்து என் பெயரைப் போட்டார். "உனக்கப்புறம் நெலம் உன் மகளோடதும்மா, அவ மனசு தெரியாம நீ எப்படி வாக்குக் குடுப்ப" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குப் பிறகு இந்த நிலத்தை என்ன செய்வாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை மார்லா, கேட்கப் பயம். விற்பதானால் விற்றுக்கொள், அம்மா குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். இதோடு வெற்றுச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். நிலத்தை வைத்துக்கொள்வாயானால் ஆர்விலுக்கு உன் கையால் எழுதி அனுப்பு.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பயலுக்கு என் முத்தம். மறந்துவிடாதே, எழுத மனம் வராவிட்டால் அந்தச் சீட்டை வெறுமையாகவே திருப்பி அனுப்பு, அப்போதும் நான் உன் அம்மாதான்.

அன்புடன்,
அம்மா லவோன்