நடுவில் காலியாக இருந்த இடம்

ஓசூர்

அன்பு மகன் ஜுபைருக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், ஹாம்பர்க்கில் நீயும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லலாம்தான், நீ பேசும்போதெல்லாம் உன் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன். உன் தங்கை அஸ்பியாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதால் உத்தனப்பள்ளி மாமா வீட்டுக்கு யாரும் போவதில்லை, மாமாவுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி சாக்ஸபோன் விஷயம். ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கத்துக் கல்யாணங்களில் நாகஸ்வரத்துக்குப் பதில் சாக்ஸபோன்தான், இருபதாயிரம் ரூபாய் மட்டச் சரக்குக்கும் இரண்டு லட்ச ரூபாய் வெளிநாட்டுச் சரக்குக்கும் நடுவில் இடம் காலியாக இருக்கிறது, அறுபத்தைந்தாயிரத்துக்கு நடுத்தர வாத்தியம் புதிதாக இறக்கினால் நம் வாத்தியக் கடைதான் ராஜா என்று நீ சொன்னாய். இடம் காலியாக இருந்தது உண்மைதான், ஏன் காலியாக இருக்கிறது என்றுதான் நாம் யாரும் கேட்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் மட்டமானதை வாங்குகிறார்கள், கச்சேரிக்காரர்கள் பெங்களூருக்குப் போய்ப் பெயர் பொறித்த பழையதைத் தேடுகிறார்கள். கடையின் முதல் முழுவதையும் போட்டு அத்தா இறக்கியதில் விற்றது ஒன்றே ஒன்று, தளியிலிருந்து வந்த, கல்யாணங்களில் வாசிக்கும் சென்றாயனுக்கு. இந்த முகூர்த்தக் காலத்துக்குள் மீதி போகாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். அத்தா ஐம்பதாயிரம் என்று குறைத்துப் போர்டு எழுதினார். மறுநாளே சென்றாயன் வந்து நின்றார். "பாய், அறுவத்தஞ்சாயிரம் வாத்தியம்னு சொல்லித்தான் பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட ரேட்டு பேசறேன். நீங்க கொறச்சா என்னையும் கொறச்சுக் கேக்கறாங்க" என்றார். அத்தா எழுதியதை அழித்துவிட்டு எண்பதாயிரம் என்று எழுதினார். சென்றாயனின் ரேட் ஏறியது, நம் கடைக்கு விலை கேட்டு ஆள் வருவதும் நின்றது, ஒரு அமைதி கிடைத்தது.

ஏறிய வரும்படியில் சென்றாயன் பெங்களூரில் ஒரு பழைய வெளிநாட்டு சாக்ஸபோன் வாங்கிவிட்டு, நம்மிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "நான் ஒண்ணும் கூட கேக்கல பாய். போர்டுல நீங்க எழுதின ரேட்டுதான், பழசுக்குன்னு பத்தாயிரம் கொறச்சுக்குங்க" என்றார். கையில் பணமில்லை, விற்றுத் தருகிறேன் என்று அத்தா வாங்கி மற்றவற்றோடு மாட்டினார். தன்னுடையதுதான் முதலில் போக வேண்டும் என்று சென்றாயன் தினமும் வந்து உட்கார ஆரம்பித்தார். போன வெள்ளிக்கிழமை சிங்காரப்பேட்டையில் பேண்டு செட் நடத்தும் மாதப்பன் ஒன்று வாங்கவே வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னதும் சென்றாயன் எழுந்து வாசித்தார், நானே வாசல்வரை வந்து கேட்டேன், குறை சொல்ல முடியாது. மாதப்பன் முழுதும் கேட்டு முடித்துவிட்டு, ஆளே கிடைக்கும்போது வாத்தியம் எதற்கு என்று இந்த சீசன் முழுவதற்கும் சென்றாயனைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். இருவருக்கும் டீ நம் செலவு.

மறுநாள் அத்தா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சிப்காட்டில் வாட்ச்மேன் வேலை விசாரித்து வந்தார். என்னிடம் சொல்லவில்லை, அஸ்பியா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்று இரவுதான் நீ போன் செய்து வியாபாரம் எப்படி என்றாய், நல்லா போகுதுப்பா என்றார். அப்படியானால் அடுத்த லாட் இறக்கலாம் என்றாய், சரிப்பா என்றார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. தொழுகையை விடாதே, வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கடத்தாதே. அத்தாவிடம் இனி வியாபாரத்தைப் பற்றிக் கேட்காதே. கேட்டால் உன் மனம் நோகக் கூடாது என்று அவர் அடுத்த லாட்டையும் வாங்கிவிடுவார்.

துஆவுடன்,
உன் அம்மா பேகம்