பென்சிலில் எழுதிய இரண்டு எண்கள்

என் ஆசை அந்தோணி அண்ணே,

உன் ஸ்டெல்லா எழுதுகிறேன். இன்று பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேன். அதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன்.

வாளியைக் குழாயடியில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீரின் உயரத்தை அளந்து, அட்டவணையும் வரைபடமும் போட்டு வரச் சொல்லியிருந்தேன். மகிமா கொண்டுவந்த கோடு ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. கேட்டால், "மூணு நிமிஷம் அளந்தேன் மிஸ். மீதிய சமன்பாட்டுல போட்டுக்கினேன்" என்கிறாள். வாளி அடியில் குறுகல், மேலே அகலம். தண்ணீர் ஒரே சீராக ஏறாது. அதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நானோ நோட்டை மேசையில் அடித்து, "அளக்காம எப்படி எழுதுவே?" என்று கத்தினேன். அவளைப் பார்த்துத்தான் கத்தினேனா?

உன் கிட்னிக் கணக்கைப் பார்த்தவள் நான்தானே. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் முதல் மாதம் 2.1, பிறகு 2.4, 2.7, 3.0, 3.3. அப்படியொரு ஒழுங்கைப் பார்த்தால் கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? மாதத்தை x என்றும் அளவை y என்றும் வைத்து, y = 0.3x + 1.8 என்று எழுதி, கோடும் இழுத்தேன். அளவு ஆறைத் தொட்டால் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினாலாவது மாதம் வரை பயமில்லை என்று நான் சொன்னேன்.

நீ நம் ஊரூர் குப்பம் முழுக்க அந்தத் தாளைக் காட்டினாய். படகு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "இன்னாமா, உன் கோடு இன்னா சொல்லுது?" என்று கேட்பாய். ஆறாம் மாதம், "இந்த வாட்டி ஊசி வாணாம்மா. அதான் கோட்டுலயே கீதே" என்றாய். உன்னைக் கையோடு லேபுக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்தேன். சமன்பாட்டில் x-க்கு ஆறைப் போட்டு, 3.6 என்று பென்சிலால் தாளின் கட்டத்தை நிரப்பினேன். அடுத்த மாதம் 3.9. இரண்டு புள்ளிகளும் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. உட்காராமல் என்ன செய்யும்? கோட்டிலிருந்து எடுத்தவைதானே.

எட்டாம் மாதம் மூச்சுத் திணறி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அளவு பதினொன்று. மூன்றாம் நாள் நீ இல்லை. அந்த இரண்டு மாதமும் அளந்திருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

ரோசி அண்ணி அந்தத் தாளை பீரோவில் ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க நாத்தனா எம்மாம் அக்கறையா பாத்துக்கிச்சு பாருங்க" என்கிறார். ஒருநாள் கைப்பையில் ரப்பரோடு போனேன் அண்ணே. அண்ணி அடுப்படிக்குப் போனதும் எடுத்தேன். நெத்திலிக் குழம்பு மணம் வந்தது. உனக்குப் பிடித்ததை எனக்காக வைத்திருக்கிறார். அழிக்கக் கை வரவில்லை.

போன ஞாயிறு தன் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளை என்னிடம் நீட்டினார். "எனக்கும் ஒரு கோடு போட்டுக் குடு ஸ்டெல்லா. மாசா மாசம் லேபுக்கு நடந்துக்கினே கீறேன், கால் வலிக்குது." மறுக்கத் தெரியாமல் வாங்கி வந்துவிட்டேன். மாம்பலத்தில் என் வீட்டு மேசை மேல் கிடக்கின்றன. நான்கு நாளாகத் தொடவில்லை.

நாளை மகிமாவிடம் மன்னிப்புக் கேட்பேன். அது சுலபம். ஆனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், அச்சில் வரும். குப்பத்தில் யாராவது அண்ணிக்குப் படித்துக் காட்டுவார்கள். அவர் அதை என் வாயிலிருந்துதான் முதலில் கேட்க வேண்டும்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டோ வைத்து அண்ணியை லேபுக்கு அழைத்துப் போவேன். திரும்பி வந்து, பீரோ முன்னால் உட்காரவைத்து, அந்த இரண்டு எண்களையும் தொட்டுக் காட்டுவேன். "இது ரெண்டும் அண்ணன் ரத்தத்துல பாத்தது இல்ல அண்ணி. நானா எழுதினது." அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டோ இல்லையோ, சொல்லிவிடுவேன். உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஸ்டெல்லா