லண்டன் சிரிப்பும் லால்குடி பஸ்ஸும்

6.11.57, புதன்
மாலையில் லண்டன் ரேடியோவின் அந்த அரை மணி நேர வேடிக்கை நிகழ்ச்சி. "என்னங்க சொன்னான்? எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று அற்புதம் படுக்கையிலிருந்தே கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் வாத்தியார் நான். ஒன்றும் பிடிபடவில்லை. ஓடும் ரயிலிலிருந்து ஸ்டேஷன் பெயரைப் படிப்பது போல—முதல் எழுத்து தெரிவதற்குள் போய்விடுகிறது. போன மாதம் முதல்முறை கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிகழ்ச்சியில் வரும் அந்தக் கீச்சுக்குரல்காரன் ஒரு பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு, தான் ஏற மறந்துவிட்டான் என்று கதை கட்டிவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல் சிரிக்காதவள் சிரித்தாள். அதிலிருந்து வாரம் ஒரு பொய்.

13.11.57
"எலும்பு கூடிருச்சு சார். அவங்கதான் எழுந்திருக்க மனசு வைக்கணும்" என்கிறார் டாக்டர். காலைத் தரையில் வைக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். புதன்கிழமை மட்டும்தான் முகம் இந்தப் பக்கம். அதையும் கெடுப்பதா?

20.11.57
தென்னூரிலிருந்து என் தங்கை மகள் பேட்ரிசியா வந்திருந்தாள். காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிறவள். அவள் எதிரிலேயே, கண்டக்டர் லால்குடி பஸ்ஸைத் தொலைத்த கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. என்னையே பார்த்தாள்.
"ஏண்டி, மாமா சொல்றது சரிதானா?"
"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை."
பிறகு சமையலறையில், மெதுவாக: "மாமா, அவன் கண்டக்டர் இல்ல, ராணுவ மேஜர். திருடங்க ஒரு பாலத்தையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. 'தினம் நடக்கிற மாதிரிதான் நடந்தேன், நனைஞ்சிட்டேன்'னு போலீஸ்ல சாட்சி சொல்றான்."
என்னுடையதைவிட நல்ல வேடிக்கை. அதுதான் உறுத்துகிறது. அற்புதத்துக்கு வரவேண்டிய சிரிப்பை நான் மறித்துக்கொண்டிருக்கிறேன்.

23.11.57, சனி
பாலக்கரைக் கோயிலில் பாவசங்கீர்த்தனம். பெண்டாட்டியிடம் ஆறு வாரமாகப் பொய் சொல்கிறேன் என்றேன். என்ன பொய் என்று கேட்டார் சாமியார். சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் இருமல்—இருமல்தானா?
"பஸ் கிடைச்சுதா?" என்றார். பிறகு, "அவங்ககிட்டயே சொல்லிடுங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்."

24.11.57
பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் புரியல அற்புதம். எல்லாம் நானே கட்டினது." திரும்பிக்கொண்டாள். நான் காய்ச்சிய கஞ்சியையும் தொடவில்லை. ஏன் சொன்னேன்?

27.11.57
புதன். ரேடியோ போடவில்லை.

4.12.57
"ரேடியோவைப் போடுங்க" என்றாள், அவளாகவே. போட்டேன். லண்டன்காரர்கள் சிரித்தார்கள். நான் இந்தத் தடவை கதை கட்டவில்லை.
"இன்னைக்கு நான் சொல்றேன். கண்டக்டர் பெண்டாட்டி இடுப்பொடிஞ்சு கிடக்கா. அவன் கஞ்சி காய்ச்சறான். காய்ச்சின கஞ்சியைக் கத்தி வச்சு வெட்டித்தான் தட்டுல போட முடியுது. அவ பாவம், அதைத் தின்னுட்டு, நல்லாருக்குன்னு ரெண்டு மாசமா பொய் சொல்றா."
எனக்குப் புரையேறிவிட்டது.
"இருங்க, இன்னும் இருக்கு" என்றாள். அதற்குள் ரேடியோவில் ஒரே கைதட்டல். முகத்தைச் சுளித்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரேடியோ மேஜை வரை நாலு எட்டு. சத்தத்தைக் குறைத்தாள்.
"இவங்க வேற, நடுவுல நடுவுல."