பூ தூவாமல் போனவனுக்கு

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை.

பாசமுள்ள தம்பி அன்புச்செல்வனுக்கு,

அக்கா கலைமதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் நீ போனையே எடுப்பதில்லை. பெங்களூர் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டேன். உனக்குத் தபால்காரர்தான் சரி. கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

முதலில், உன் கண் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? காட்டியிருக்கமாட்டாய். சின்ன வயதில் காலில் முள் குத்தினதையே வீங்கும்வரை மறைத்தவன் நீ.

கும்பாபிஷேகத்தன்று எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலைக்கோயில் விழா எதிலும் நம் தெரு ஆளை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்கு விடிந்ததிலிருந்து உன் பெயர்தான். ஹெலிகாப்டரை ஓட்டி வந்து கலசத்துக்குப் பூ தூவப்போவது நம்மூர் வெங்கடாசலம் மகன் கேப்டன் அன்புச்செல்வன் என்று தொண்டை கட்டும் அளவுக்குச் சொன்னார்கள். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு அடிவாரத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றார். அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலம் தள்ளிய மனிதர் அன்றைக்கு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். என் பிள்ளைகள் இரண்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒத்திகைக்கு நீ ஒரு சுற்று வந்தாய். கோபுரத்துக்குக் கிட்டே தாழ்ந்து வரும்போது ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சட்டென்று மேலே ஏறியது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நீ வித்தை காட்டுகிறாய் என்று விசில் அடித்தோம். நானும் கை தட்டினேன். அது வித்தை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, விழாக்குழுத் தலைவர் சீனுவாசனிடம் விவரம் சொன்னாய். மலைக்குக் கீழே இருக்கும் சோலார் பிளான்ட்டில் வெயில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்கிறது, கீழே இருக்கும் ஜனமே தெரியவில்லை, மறுபக்கமாக வரலாமென்றால் கரண்ட் டவர் கம்பி போகிறது, வெயில் நன்றாக மேலே ஏறினால்தான் முடியும் என்றாய். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று அவர் குதித்தார். "பயந்துக்கினு இருக்கிறவன் எதுக்குப்பா ஒத்துக்கினே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நீ பூக்கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல், அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாய்.

அந்தப் பூ வீணாகவில்லை. கூடைகளை மேலே கொண்டுவர ஆள் வேண்டும் என்று குருக்கள் சத்தம் போட்டார். நம் தெருப் பெண்கள்தான் தலையில் தூக்கிக்கொண்டு படியேறினோம். இருந்த அவசரத்தில் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கீழேயே நின்று கும்பிட்ட நம் அம்மா, சாரத்தின் மேல் ஏறித் தன் கையால் கலசத்துக்குப் பூ தூவினாள். "எம்புள்ள கொண்டாந்த பூ" என்று இன்னமும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாதான் முடங்கிவிட்டார். டீக்கடையில் யாரோ உன்னைக் கேலி பேசியது காதில் விழுந்திருக்கிறது. அதோடு வீட்டுக்கு வந்து படுத்தவர் மல்லாட்டை பிடுங்கக்கூடப் போகவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை அதே நேரத்துக்கு மலையேறிப் போய், நீ வந்த பக்கமாக நின்று கீழே பார்த்தேன். ஒரே வெள்ளை. ஏரியும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. கண்ணை மூடினாலும் பச்சை பச்சையாக என்னவோ மிதந்தது. பூஜைக்கு வந்திருந்த சீனுவாசனை விடாமல் கூப்பிட்டு அங்கே நிற்க வைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னாம்மா இது, இதுல எப்டி ஓட்டிக்கினு வருவான்?" என்றார். அன்றே சோலார் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பார்க்கிறோம் என்றார்களாம். உன்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் வருத்தப்படுகிறார். ஆனாலும் வாய் திறந்து சொல்லமாட்டார், அவர் சுபாவம் அப்படி.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்போ நான் கீழ நின்னுக்கினு இருந்தது அவனுக்குத் தெரியவே இல்லியா?" என்று கேட்டார்.

"தெரியலன்னுதாம்பா அவன் தாழ வரல" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் சமையலைப் பார்க்கப் போனேன்.

தம்பி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "முடியாது" என்று சொன்னாயே, அதற்கு உனக்கு ஆயிரம் நன்றி. அன்றைக்கு நீ ரோஷப்பட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருப்பேன்? அன்றைக்குக் கீழே நின்றிருந்த என் பிள்ளைகள் இரண்டும் இப்போது சண்டை போடுகிற சத்தம் தாங்க முடியவில்லை. திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது.

ஒரு சேதி. ஞாயிற்றுக்கிழமை அப்பா விழுப்புரத்தில் ரயிலேறி உன்னிடம் வருகிறார். துணைக்கு வரட்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். எதற்குப் போகிறீர்கள் என்றால், பிள்ளைக்குப் புது மல்லாட்டை கொடுக்க என்கிறார். வேர்க்கடலை கொடுக்கவா அவ்வளவு தூரம் போவார்? நீ எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம். அவருக்கும் சொல்ல வராது. ஸ்டேஷனில் அவர் இறங்கும்போது முன்னாலேயே போய் நில். அவர் உன்னைத் தேடும்படி வைக்காதே.

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா
கலைமதி